நெற்றியின் இடது பாதி

பெங்களூருக்கு வந்த முதல் டிசம்பரில் என் கெண்டைக்காலில் நகத்தால் என் பெயரை எழுதிப் பார்த்தேன். எழுத்து தெரிந்தது. கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியது போல முழுப்பெயரும் வெள்ளையாகத் தெரிந்தது. ஆரணியில் இருபத்து நான்கு வருஷம் என்னோடு இருந்த தோல்தான் இது. அங்கே அது வியர்க்கும், பிசுபிசுக்கும், சித்திரையில் வேர்க்குரு பொரிந்து அடங்கும். எழுதினால் தெரிகிற தோலாக ஒருநாளும் இருந்ததில்லை. நாங்கள் குடியிருந்த ஆடுகோடி வீட்டின் சொந்தக்காரர் புட்டம்மா, பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர், என் காலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஹவா ஒத்துக்கல உனக்கு. கொப்பரி எண்ணெ தடவும்மா" என்றார். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து கல்லாக இருந்தது. அதை வெயிலில் வைத்துவிட்டு, உருகும்வரை காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊர் மாறியதை எனக்கு முதலில் சொன்னது மொழியும் இல்லை, சாப்பாடும் இல்லை. என் தோல்தான்.

ஊரில் இருப்பவர்களுக்கு இங்கே நான் பார்த்த வேலையை விளக்கிச் சொல்ல எனக்கு இன்றுவரை முடிந்ததில்லை. கோரமங்கலாவில் ஒரு மாடிக் கட்டடம். வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். காதில் ஹெட்ஃபோன், காலடியில் தையல் மெஷினில் இருப்பது போல ஒரு பெடல். அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்து முடித்ததும், பார்த்ததை எல்லாம் வாயால் பேசிப் பதிவு செய்துவிடுவார். அந்தப் பேச்சு இரவோடு இரவாக எங்கள் ஊருக்கு வந்துசேரும். பெடலை மிதித்தால் டாக்டர் பேசுவார், குதிகாலை அழுத்தினால் பின்னோக்கிப் போய் மறுபடி சொல்வார். கேட்டதைக் கேட்டபடி டைப் செய்து அனுப்ப வேண்டும். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று பெயர். நான் பி.எஸ்ஸி. விலங்கியல். உடம்பின் உறுப்புகளுக்கு லத்தீன் பெயர் தெரியும் என்பதால் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு ஒதுக்கியது தோல் டாக்டர்கள். நாள் முழுவதும் காதுக்குள் யாருடைய தோலோ உரிந்துகொண்டிருக்கும்.

ஒரு வருஷத்தில் நான் டைப் செய்யாத தோல் வியாதி இல்லை. எக்ஸிமா என்கிற கரப்பான், சோரியாசிஸ் என்கிற செதிலுதிர் நோய், சொறி, முகப்பரு, படர்தாமரை, வெண்புள்ளி. எது எதனால் வருகிறது, எப்படி இருக்கும், என்ன கொடுக்க வேண்டும் என்று டாக்டர்கள் ஒவ்வொன்றையும் ஒரே வரிசையில்தான் சொல்வார்கள். கொஞ்ச நாளில் அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே என் விரல் அடுத்த வார்த்தைக்குப் போய்விடும். விரலுக்குத் தெரிந்தது அவ்வளவும் தலைக்குத் தெரிந்ததா என்று கேட்டால், இல்லை. மாலை ஐந்தரைக்கு ஹெட்ஃபோனைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது எல்லாவற்றையும் அங்கேயே மாட்டிவிட்டு வருவேன். அது ஆங்கிலத்தில் இருந்தது. அமெரிக்கர்களின் தோலைப் பற்றியது. எங்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

என் கணவர் குமரேசன் ஆடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் மெஷினிஸ்ட். இரும்பைச் சீவிச் சீவி, தலைமுடி கனத்துக்கும் குறைவான அளவுக்குக் கொண்டுவருகிற வேலை. வெர்னியர் என்கிற அளவுகோலை இடது கண்ணருகே பிடித்து, வலது கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பட்டறையில் அவர் கண்ணுக்குத் தனி மரியாதை. மற்றவர்கள் அளந்ததை முதலாளி இவரிடம் கொடுத்து ஒருமுறை பார்க்கச் சொல்வார். அந்தப் பட்டறையில் ஆறு பேருக்குப் படர்தாமரை இருந்தது. எண்ணெய் பிடித்த ஒரே துண்டில் ஆறு பேரும் துடைத்துக்கொண்டால் வராமல் என்ன செய்யும். மெடிக்கல் ஷாப்பில் ஒரு ஆயின்ட்மென்ட் வாங்கி மாறி மாறித் தடவிக்கொள்வார்கள். இரண்டு நாளில் அரிப்பு நின்றுவிடும், பதினைந்தாம் நாள் வட்டம் இன்னும் பெரிதாக வந்து நிற்கும். அந்த ஆயின்ட்மென்டில் ஸ்டீராய்டு இருக்கிறது, அது அரிப்பை மட்டும் அமுக்கிவிட்டு உள்ளே பூஞ்சையை வளர்க்கும், துண்டைத் தனித்தனியாக்கி வெந்நீரில் துவைத்து, பூஞ்சைக்கான மருந்தைச் சில வாரம் விடாமல் போட்டால்தான் போகும் என்று நான் பத்து தடவையாவது டைப் செய்திருப்பேன். ஒரு தடவைகூட அவர்களிடம் சொன்னதில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் நடந்தது திடீரென்று நடந்ததல்ல.

தொண்ணூற்றொன்பதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு இடது நெற்றியில் எரிச்சல் ஆரம்பித்தது. "உள்ள ஊசி குத்தறாப்ல இருக்குதுடி" என்றார். தைலம் தடவினேன். திங்கட்கிழமை புருவத்துக்கு மேலே சிவந்து, கடுகு போலப் பொரி கிளம்பியது. செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் முடியோரம் தொடங்கி இமைவரைக்கும் நீர் கோத்த கொப்புளங்கள். நடுநெற்றியில் கோடு போட்டு நிறுத்தியது போல வலது பக்கம் ஒன்றுகூட இல்லை. எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அக்கி. எங்கள் பக்கத்தில் அக்கியைத் தெரியாதவர்கள் கிடையாது. அக்கிக்கு ஊசி மாத்திரை கூடாது, குயவரிடம் போய் எழுத வேண்டும். அவர் காவிமண்ணைக் குழைத்து, இறகால் தொட்டு, கொப்புளத்தின் மேல் சிங்கம் எழுதுவார். மூன்று நாள் காலையில் எழுத வேண்டும். அதுவரை குளிக்கக் கூடாது, வீட்டில் தாளிக்கக் கூடாது. எனக்குப் பத்து வயதில் இடுப்பில் வந்தபோது என் இடுப்பிலும் சிங்கம் இருந்திருக்கிறது. சரியாகத்தான் போயிற்று. தானாகவே சரியாகிப் போகிற அக்கிதான் அதிகம் என்பது எனக்கு அப்போது தெரியாது. அல்லது விரலுக்கு மட்டும் தெரியும்.

வாசலில் புட்டம்மா அவர் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"இது சர்ப்பசுத்தும்மா! உன் வீட்டுக்காரன் ஹாவு கீவு எதாச்சும் கொன்னானா?"

ஹாவு என்றால் பாம்பு. "இல்ல ஆன்ட்டி, இது அக்கி" என்றேன்.

"அக்கியா? அக்கின்னா எங்களுக்கு அரிசி. இது சர்ப்பசுத்து. பாம்பு சுத்திக்கிட்டு வரும். தலையும் வாலும் சேந்துட்டா ஆளு உளியல்லம்மா. அரசமரத்தடி நாகருக்குப் பாலு ஊத்து, இவத்தே ஊத்து."

ஆள் பிழைக்க மாட்டான் என்கிறார். இன்றைக்கே ஊற்று என்கிறார். அவர் பயந்தது நிஜம், எங்கள் மேல் அன்பால்தான் சொன்னார் என்பதும் நிஜம். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு எதற்கெடுத்தாலும் பாம்பு என்று நினைத்துக்கொண்டேன். பாம்பை நம்புகிறவரைப் பார்த்துச் சிங்கத்தை நம்புகிறவள் சிரித்திருக்கிறேன்.

பெங்களூரில் குயவருக்கு எங்கே போவது? பட்டறையில் யாரோ சொன்னார்கள், பிரேசர் டவுனுக்குப் பக்கத்தில் பாட்டரி டவுன், அதாவது குயவர் பேட்டை, என்றே ஒரு இடம் இருக்கிறது, அங்கே இருக்கும் குயவர்கள் நம் ஆட்கள்தான் என்று. அரைநாள் லீவு சொல்லிவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு சிவாஜிநகருக்குப் பஸ் ஏறினேன். முகத்தில் துண்டைப் போட்டு மூடியிருந்தார். அங்கிருந்து நடந்து போய் விசாரித்தோம். தெருவெல்லாம் பூந்தொட்டிகளும் விநாயகர் சிலைகளும் காய்ந்துகொண்டிருந்தன. வாசலில் தொட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் அக்கி எழுதுவீர்களா என்று கேட்டேன். ஐம்பது வயது இருக்கும். கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு, "எந்த ஊரு நீங்க?" என்றார். ஆரணி என்றதும் முகம் மலர்ந்தது. "எங்க தாத்தா காலத்துல வந்துட்டோம். போளூரு பக்கம்தான். உக்காருங்க." அந்த இரண்டு வார்த்தையில் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. ஆரணி, போளூர் என்று பேசிக்கொண்டே அவர் காவிமண் குழைத்தார். கொப்புளம் வந்த பக்கத்தைக் காட்டித் திரும்பி உட்காரச் சொல்லி, இறகால் நெற்றியில் எழுதினார். சிங்கம் மாதிரித் தெரியவில்லை, பூனை மாதிரி இருந்தது. ஆனாலும் ஈரமண் பட்டதும் அவருக்கு எரிச்சல் கொஞ்சம் தணிந்தது. "ஜில்லுனு கீது" என்றார். அன்றைக்குத் தாளிக்காத ரசம் வைத்தேன்.

புதன்கிழமை காலையில் மூக்கு நுனியில் ஒரு கொப்புளம் இருந்தது. இடது கண் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் சுருங்கிப் போயிருந்தது. மறுபடியும் பாட்டரி டவுன். குயவர் இறகைக் கையில் எடுத்தவர், முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா, கண்ணாண்ட வந்துடுச்சு. நான் எழுத மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போங்க. இப்பவே போங்க."

"மூணு நாள் எழுதணுமேண்ணா. இன்னும் ரெண்டு நாள் இருக்குதே."

"மூணு நாளு முப்பது நாளு எல்லாம் வுடும்மா. கண்ணு விஷயம். எங்க மச்சானுக்கு இப்டி ஆயி, எழுதிக்கினே இருந்தோம். நான் எழுத மாட்டேன்."

கும்பிட்டுக் கேட்டேன். நெற்றியில் மட்டுமாவது எழுதச் சொன்னேன். அவர் தொட்டி அடுக்கப் போய்விட்டார். திரும்பி வரும்போது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் மேல் இல்லை, இந்த ஊரின் மேல். மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருந்து தொழிலை மறந்துவிட்டார், பூந்தொட்டி செய்து பிழைக்கிறவருக்கு அக்கி எழுதுவது எப்படித் தெரியும், சிங்கத்தையே பூனை மாதிரி எழுதியவர்தானே என்று நினைத்தேன். என் கணவர் பக்கத்தில் நடந்து வந்துகொண்டிருந்தார். "ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்று கேட்டார். நான் சொன்னேன்: "வேணாம். அங்க போனா ஊசியப் போட்டுக் கெடுத்துடுவாங்க. சனிக்கிழம ஊருக்குப் போயிடலாம். நம்ம ஊருல முறையா எழுதுவாங்க." அவர் என்னைப் பார்த்தார், ஒரு கண்ணால். "உனுக்குத் தெரியும்ல? நீ டாக்டருங்க வேலைதான பாக்கற" என்றார். "தெரியும், இது வெறும் அக்கிதான்" என்றேன். இந்த ஒரு வரியை நான் பிறகு எத்தனையோ முறை குதிகாலை அழுத்தி அழுத்திப் பின்னோக்கிக் கேட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை வரை ஏன் காத்திருந்தேன் என்று கேட்பீர்கள். வெள்ளிக்கிழமை ஒரு பெரிய கட்டு ஃபைல் முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்புறம், ஊருக்குப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டால் எங்களைப் போன்றவர்களுக்குப் பாதி வியாதி அப்போதே தீர்ந்த மாதிரி. பல்வலியா, ஊருக்குப் போய்ப் பிடுங்கிக்கொள்ளலாம். மூலமா, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இங்கே இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஆந்திராவிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆட்கள் ரயிலேறி வருகிறார்கள். நாங்கள் அதன் வாசலைத் தாண்டிப் போய் ஆரணி பஸ் ஏறுவோம். என்னைப் போல ஊரை விட்டு வந்தவர்கள் இதைப் படித்தால் நான் சொல்வது புரியும். சிரிக்கத்தான் தோன்றும், சிரித்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டு வந்து ஹெட்ஃபோனை மாட்டினேன். நிதானமாகப் பேசுகிற ஒரு பெண் டாக்டர். அறுபது வயது ஆண், நெற்றியின் ஒரு பக்கம் மட்டும் கொத்துக்கொத்தாக நீர்க்கொப்புளம், நடுக்கோட்டைத் தாண்டவில்லை என்றார். ஹெர்ப்பஸ் ஜோஸ்டர் என்றார். என் விரல் ஓடிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் வந்த அம்மையின் கிருமி நரம்பின் வேரில் படுத்திருந்து எப்போதோ எழுந்து வருவது, கொப்புளம் வந்த மூன்று நாளுக்குள் மாத்திரை தொடங்குவது நல்லது என்று நோயாளிக்கு விளக்கினேன் என்றார். அதையும் டைப் செய்தேன். மூக்கு நுனியில் ஒரு கொப்புளம் இருக்கிறது, ஆகவே கண்ணுக்கும் பரவும் என்று கொள்ள வேண்டும், இன்றைக்கே கண் டாக்டரிடம் அனுப்புகிறேன் என்றார். அதையும் டைப் செய்து, முற்றுப்புள்ளி வைத்தேன். வைத்த பிறகுதான் என் விரல் நின்றது.

குதிகாலை அழுத்தினேன். மறுபடி சொன்னார். மூக்கு நுனி. இன்றைக்கே.

பக்கத்து மேஜையில் ஸ்டீபன் இருந்தான். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிற பையன், எங்கள் டீமுக்கு லீடர், என்னை அக்கா என்பான். "இன்னாக்கா, சவுண்டு கிளியரா இல்லியா?" என்று கேட்டான். நான் திரையைக் காட்டி, "எங்க வீட்டுக்காருக்கு இதுதான் ஸ்டீபன். நாலு நாளா இருக்குது" என்றேன். அவன் படித்துப் பார்த்தான். "ஐயோ, கெளம்புங்கக்கா. இத நான் முடிக்கிறேன்" என்றான். நான் சொன்ன பதிலை நினைத்தால் எனக்கு இன்னும் உடம்பு கூசுகிறது. "இருக்கட்டும், இதயும் அடுத்ததயும் முடிச்சுட்டே போறேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. பதற்றம் வர வேண்டும், வரவில்லை. உள்ளே ஏதோ மரத்துப் போயிருந்தது. எழுந்து கிளம்பிவிட்டால் நான் கேட்டது நிஜமாகிவிடும், உட்கார்ந்திருக்கும்வரை அது அமெரிக்காவில் யாருக்கோ வந்த வியாதி. அந்த ஃபைலையும் அடுத்ததையும் முடித்தேன். அடுத்தது முகப்பரு. தவறில்லாமல் டைப் செய்திருந்தேன் என்று பிறகு குறிப்பு வந்தது.

நான் வீட்டுக்குப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு அரசு கண் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சீட்டு கொடுக்கும் ஜன்னலை மூடிவிட்டிருந்தார்கள். "நாளே பன்னி" என்றார் வாட்ச்மேன். நாளைக்கு வாருங்கள். அவசரத்துக்கு வேறு வாசல் இருக்கிறது என்பதும், அதைக் கேட்டால் சொல்வார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியாது. அவசரமா, கண்ணாடிக்கு வந்தவர்களா என்று அந்த வாட்ச்மேனுக்கும் தெரியாது, முகத்தில் துண்டு மூடியிருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பிவிட்டோம்.

வெள்ளிக்கிழமை எங்களைப் பார்த்த டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். துண்டை எடுத்ததும், நெற்றியில் காய்ந்து வெடித்திருந்த காவியைப் பார்த்து, "ஏனிது, ரத்தமா?" என்று பாதிக் கன்னடத்தில் கேட்டார். "மண்ணு மேடம்" என்றேன். "மண்ணா!" தண்ணீரில் பஞ்சை நனைத்து நனைத்துத் துடைத்தார். சிங்கமோ பூனையோ, குழம்பாகக் கரைந்து தட்டில் விழுந்தது. மஞ்சள் சொட்டு ஒன்றைக் கண்ணில் விட்டு, நீல விளக்கை வைத்து நெடுநேரம் பார்த்தார். கொப்புளம் வந்து எத்தனை நாள் என்று கேட்டார். என் கணவர் "அஞ்சு நாளு" என்று சொல்ல வாயெடுக்கும்போதே நான் முந்திக்கொண்டு "மூணு" என்றேன். டாக்டர் என்னையே பார்த்தார். "மூணு நாள் கொப்புளம் இப்டி காயாது" என்றார், தமிழில். அப்புறம் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார், ஏதோ பேச்சை மாற்றுவதற்காக. சொன்னேன். எந்தத் துறை என்றார். தோல் என்றேன். பேனாவை மூடிவைத்துவிட்டு, "அப்போ உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பேன்.

மாத்திரை ஒரு நாளைக்கு ஐந்து வேளை, கண்ணுக்கு ஆயின்ட்மென்ட், சொட்டு மருந்து. கொப்புளம் பத்து நாளில் காய்ந்து உதிர்ந்தது. வலி உதிரவில்லை. காற்றுப் பட்டால் வலி, தலையணை பட்டால் வலி, ஆறு மாதம் சட்டையைத் தலைவழியாகக் கழற்றமாட்டார். நரம்பு வலிக்கென்று தனி மாத்திரை கொடுத்தார்கள். பிறகு ஒருநாள் வலியும் போய், அந்த இடத்தில் உணர்ச்சியே போய்விட்டது. பரணில் இடித்துப் புருவத்தில் ரத்தம் வழிந்துகொண்டிருக்க, அவர் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இடது கண்ணின் கருவிழியில் பால் சிந்தியது போல ஒரு தழும்பு. வெளிச்சம் தெரியும், உருவம் தெரியும், கோடு தெரியாது. வெர்னியரில் இருப்பதெல்லாம் கோடுதான். வலது கண்ணால் பார்க்கப் பழகினார். இரண்டு முறை அளவு தப்பியது. முதலாளி நல்லவர், வேலையை விட்டு நிறுத்தவில்லை, ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்க வைத்தார். மற்றவர்கள் அளந்ததைச் சரிபார்க்க இப்போது வேறொருவரிடம் கொடுக்கிறார்கள்.

ஊருக்குப் போனபோது என் மாமியார் மகனின் கண்ணைப் பார்த்துக் கூடத்தில் உட்கார்ந்து அழுதார். அழுது முடித்து என்னிடம் கேட்டார்: "ஒரு நாளு எழுதிட்டு வுட்டா எப்டிம்மா? மூணு நாளு எழுதியிருந்தா போயிருக்குமே. ஏம்மா ஆஸ்பத்திரிக்கு இட்டும்போன?" அங்கே டாக்டர், இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் கண்ணைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம் என்றார். இங்கே இவர், இரண்டு நாள் கூட எழுதியிருந்தால் என்கிறார். இருவருக்கும் கணக்கு இரண்டு நாள்தான். சின்னப் பிள்ளையில் மகனுக்கு அம்மை போட்டபோது வேப்பிலையில் படுக்கவைத்து, மூன்று தண்ணீர் ஊற்றி, அம்மனை நல்லபடியாக அனுப்பிவைத்தவர் என் மாமியார். அது போகவில்லை, நரம்புக்குள் படுத்திருந்தது என்று எந்தத் தமிழில் அவரிடம் சொல்வேன்? சொல்லியும் ஆகப்போவது என்ன. நான் தப்பு செய்தேன் என்பதில் இரண்டு ஊருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்த இடத்தில் தப்பு என்பதில்தான்.

நான் அந்த வேலையை விடவில்லை. அதுவும் ஒரு மரத்துப்போன காரியம்தான். ஆனால் ஒன்று செய்தேன். பட்டறை ஆட்கள் ஆறு பேருக்கும் தனித்தனித் துண்டு வாங்கிக் கொடுத்து, அந்த ஆயின்ட்மென்டைத் தூக்கிப்போடச் சொன்னேன். புட்டம்மாவின் தம்பிக்கு இடுப்பில் கொப்புளம் வந்தபோது, பாலும் ஊற்றுங்கள், அப்படியே டாக்டரையும் இன்றைக்கே பாருங்கள் என்று ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். அவர் பிழைத்ததற்கு நாகர்தான் காரணம் என்று புட்டம்மா எனக்கும் பிரசாதம் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிச் சாப்பிட்டேன். இதை எழுதுவதும் அதனால்தான். ஒரு பக்கமாகக் கொப்புளம் வந்தால், அதிலும் முகத்தில் வந்தால், அதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் இருந்தாலும் சரி, அன்றைக்கே போங்கள். எந்த ஊரில் இருக்கிறீர்களோ அந்த ஊரிலேயே போங்கள்.

என் கணவர் என்னிடம் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. சண்டை போட்டதில்லை, குத்திக்காட்டியதில்லை. பட்டறையிலிருந்து வந்தால் டீ குடிக்கிறார், டிவி பார்க்கிறார், நான் பேசினால் பதில் சொல்கிறார். வருஷத்துக்கு இரண்டு முறை ஊருக்குப் போகிறோம். ஓசூர் ரோட்டில், அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கடைப் பலகைகளில் கன்னடம் போய்த் தமிழ் வரும். அந்த இடம் நெருங்கும்போது அவர் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொள்கிறார். தழும்பு விழுந்த கண்ணுக்கு எழுத்து இருப்பது தெரியும், எந்த எழுத்து என்பது தெரியாது. அந்தக் கண்ணால் பார்த்துக்கொண்டே, "நம்ம ஊரு வந்துடுச்சா?" என்று கேட்கிறார். "வந்துடுச்சுங்க" என்கிறேன். நாலு நாள் கழித்துத் திரும்பி வரும்போதும் அதே இடத்தில் அதே கையால் பொத்திக்கொண்டு அதையே கேட்கிறார். அப்போதும் "வந்துடுச்சுங்க" என்றுதான் சொல்கிறேன். இரண்டு தடவையும் அவர் கையை எடுத்து, நல்ல கண்ணால் ஒருமுறை பார்த்து, நான் சொன்னதைச் சரிபார்த்துக்கொள்கிறார்.